நந்தவனத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூரில் உள்ள நம் கோயிலின் பின்புறத்து நந்தவனத் திருப்பணி முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். செடிகளைவிட மதிலுக்கு அதிகம் செலவானது ஏன் என்று பலர் கேட்டீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

தோட்டத்தின் அமைப்புக்கு முன்மாதிரி இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டம். குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை தந்த யோசனை இது. அசல் மூலிகை எது, போலி எது என்று மருத்துவ மாணவர்கள் செடியைப் பார்த்தே கற்க வேண்டும் என்று பேராசிரியர் பிரான்செஸ்கோ போனாஃபேதே வற்புறுத்த, 1545இல் வெனிஸ் செனட் ஆணையிட்டு அமைத்தது அது. இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. வட்டத்துக்குள் சதுரம், அதற்குள் பாத்திகள். மூலிகைகள் ஓயாமல் திருடு போனதால் 1552இல் சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். நம் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் விடியுமுன்னே யார் யார் பைக்குள் போகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததா? (அதில் உறுப்பினர்களும் உண்டு.)

நம் ஊரிலேயே லால்பாக் தாவரவியல் பூங்கா இருக்கும்போது பதுவா எதற்கு என்றும் ஒருவர் கேட்டார். ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக் அரசர் தோட்டம். நம்முடையது நாலு பாத்தி. ஆனால் ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை உண்டு, குழந்தைகள் துளசியையும் நொச்சியையும் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

நட்சத்திர மரங்கள் 27 என்று அறிவித்திருந்தோம். 26தான் ஆயிற்று. அந்த 26இல் பூசத்துக்குரிய அரசு ஏற்கெனவே நாகர் மேடையில் நிற்கிறது. அசுவினிக்கு எட்டி. அதன் விதை கொடிய விஷம், அதனால் கம்பிவேலிக்குள் வைத்திருக்கிறோம். அசுவினிக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

வேலை தாமதமானது தண்ணீரால். 2024 மார்ச்சில் தோட்டங்களுக்குக் குடிநீர் ஊற்றக் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை போட்டது, நம் போர்வெல்லும் வற்றியது. சரி, மழை வரட்டும் என்று நடவைத் தள்ளிப்போட்டோம். இப்போது கோமுகி வழியே வரும் அபிஷேக நீர் தனி சம்ப்பில் தெளிந்து பாத்திகளுக்குப் போகிறது. பால் அபிஷேக நாளில் மட்டும் அதைத் திருப்பிவிடுகிறோம், நாற்றம் தாங்கவில்லை.

அப்புறம் அந்த 27ஆவது மரம். மகத்துக்கு ஆல். புது மதிலை ஒட்டி நட்டால் வேர் அதைப் பிளந்துவிடும். கன்று இப்போது தொட்டியில் இருக்கிறது. ஊர்ப்புறத்தில் நிலம் வைத்திருக்கும் உறுப்பினர் யாராவது எடுத்துப் போய் நட முன்வந்தால், அலுவலகத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு