நட்சத்திரம் வெடிச்சா வருகைன்னு வருஷம் குறிக்கிற ஊழியக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

தீர்க்கதரிசன செய்தி கொடுக்கிற பாஸ்டர்மாருக்கும், கடைசி கால அடையாளம்னு யூடியூப்ல வீடியோ போடுற சகோதரர்களுக்கும், ஸ்தோத்திரம்.

நான் ஊழியக்காரன் இல்ல, ஞாயித்துக்கிழமை பெஞ்சுல உட்கார்ந்து செய்தி கேக்குற விசுவாசி. இயேசுவோட ரெண்டாம் வருகையை நம்புறேன். லூக்கா 21ல சூரியனிலும் சந்திரனிலும் நட்சத்திரங்களிலும் அடையாளங்கள் தோன்றும்னு ஆண்டவர் சொன்னதையும் நம்புறேன். அதனால யாரோ நாத்திகர் எழுதினதுன்னு இதை ஒதுக்கிடாதீங்க. வானத்துல ஒண்ணு வெடிக்கப் போகுதுன்னு நியூஸ் வந்த உடனே அதை ஒரு வசனத்தோட கோர்த்து, வருஷத்தையும் சேர்த்து மேடையில சொல்றீங்களே, அதைப் பத்தித்தான் பேசணும்.

2017 ஜனவரியில நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல கால்வின் காலேஜ்னு ஒரு கிறிஸ்தவ காலேஜ், அங்க பேராசிரியரா இருந்த லாரி மோல்னர் ஒரு கணக்கு வெளியிட்டார். சிக்னஸ் நட்சத்திர மண்டலத்துல கேஐசி 9832227னு ரெண்டு நட்சத்திரம், ஒரே வேர்க்கடலை ஓட்டுக்குள்ள ரெண்டு பருப்பு மாதிரி ஒட்டிக்கிட்டு சுத்துது, ஒரு சுத்துக்கு சுமார் 11 மணி நேரம்தான், அந்த நேரம் குறைஞ்சுக்கிட்டே வர்ற மாதிரி தெரியுது, இப்படியே போனா 2022 வாக்குல ரெண்டும் மோதி ஒண்ணாகும், வெறும் கண்ணுக்கே துருவ நட்சத்திரம் அளவுக்கு தெரியும்னார். சும்மா வாயில வந்ததை சொல்லல, 2008ல ஸ்கார்ப்பியஸ் மண்டலத்துல வி1309னு ஒண்ணு இதே மாதிரி இணைஞ்சு வெடிச்சதை வச்சு ஒப்பிட்டுப் பார்த்து சொன்னார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். அதுக்குள்ள ஜெருசலேம்ல ஒரு ரபி, அதாவது யூத மதகுரு, இதுதான் எண்ணாகமம் 24:17ல இருக்கிற நட்சத்திரம், மேசியா வர்றார்னு சொல்ல, அது செய்தியாச்சு, அப்படியே நம்ம பக்கமும் வந்துச்சு. "ஒரு நட்சத்திரம் யாக்கோபிலிருந்து உதிக்கும்"னு தம்ப்நெயில், கீழ சிவப்பு எழுத்துல 2022.

எங்க சபையில அப்போ ப்ளஸ் டூ முடிச்ச ஒரு பையன் இருந்தான், நல்ல மார்க், இன்ஜினியரிங் சீட்டும் கிடைச்சுது. கவுன்சிலிங் லெட்டரை கையில வச்சுக்கிட்டே அம்மாகிட்ட சொன்னான், நாலு வருஷம் படிச்சு முடிக்கிறப்போ 2022 ஆயிடும், அதுக்கு அப்புறம் எதுக்கும்மா டிகிரி, அந்த காசை மிஷனரிக்கு அனுப்பிடலாம்னு. அந்த அம்மா வீடு துடைச்சு பாத்திரம் தேச்சு சேர்த்த காசு அது. பையன் பொய் சொல்லல, சோம்பேறியும் இல்ல, நீங்க பேசினதை அப்படியே நம்பினான், அவ்வளவுதான். இப்போ ஒரு செல்போன் கடையில ரிப்பேர் பாக்குறான், சர்ச்சுக்கு வர்றது இல்ல. இதுக்கு யாரு கணக்கு சொல்றது ஐயா?

அந்த நட்சத்திரம் என்ன ஆச்சுன்னும் சொல்றேன். 2018 செப்டம்பர்ல சான் டியேகோ ஸ்டேட் யூனிவர்சிட்டியில க்வென்டின் சோசியான்னு ஒரு மாணவரும் அவர் கூட இருந்தவங்களும் 2003ல எடுத்த பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்துப் பார்த்தாங்க, கணக்கு ஒத்து வரல. ஏன்னு தேடிப் போனா, முன்னாடி வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையில ஒரு நட்சத்திரம் இன்னொன்னை மறைக்கிற கிரகண நேரம் 12 மணி நேரம் தப்பா அச்சாகியிருக்கு. ஒரு அச்சுப்பிழை. மோதலும் இல்ல வெடிப்பும் இல்லன்னு ஆயிடுச்சு. மோல்னர் தானே அதை சரிபார்த்து, ஆமா அவங்க சொல்றது சரின்னு பகிரங்கமா ஒத்துக்கிட்டார். கிறிஸ்தவ காலேஜ் பேராசிரியர், உலகமே பார்க்க ஒரு வருஷம் சொன்னார், தப்புன்னு தெரிஞ்சதும் உலகமே பார்க்க ஒத்துக்கிட்டார். நீங்க என்ன பண்ணீங்க? வீடியோவைத் தூக்கிட்டு அடுத்த அடையாளத்துக்குப் போயிட்டீங்க. எனக்கு வலிக்கிறது அதுதான்.

சில சமயம் பலிச்சிருக்கே பிரதர்னு கேப்பீங்க. பலிச்சது ஒண்ணையே எடுத்துக்குவோம். 1572 ஆகஸ்ட்ல பிரான்ஸ்ல பர்த்தலோமேயு திருநாள் அன்னிக்கு புராட்டஸ்டன்ட் ஜனங்களை ஆயிரக்கணக்குல கொன்னாங்க, அப்போ அங்க ராஜா ஒன்பதாம் சார்லஸ். நவம்பர்ல கசியோபியா மண்டலத்துல திடீர்னு புது நட்சத்திரம், டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராஹே அளந்து எழுதி வச்சாரே அதுதான், பகல்லயே தெரிஞ்சுது. ஜெனீவாவுல இருந்த தியோடர் பேசா, சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வினுக்கு அப்புறம் அந்த சபையை நடத்தினவர், இது பெத்லகேம் நட்சத்திரம் மாதிரி, ஏரோதே நீ நடுங்குன்னு சார்லஸை மனசுல வச்சு கவிதை எழுதினார். 1574 மார்ச்ல நட்சத்திரம் மறைஞ்சுது, மே மாசம் 23 வயசுல சார்லஸ் செத்துப்போனான். ஜனங்க சும்மா இருப்பாங்களா, நிறைவேறிடுச்சுன்னாங்க. படிச்சப்போ எனக்கும் உடம்பு சிலிர்த்துச்சு.

ஆனா அதே நட்சத்திரத்தை சீனாவுலயும் பார்த்தாங்க. அரண்மனையில இருந்த பேரரசர் பயந்து ராத்திரி வெட்டவெளியில நின்னு பிரார்த்தனை பண்ணினதா அவங்க குறிப்பு சொல்லுது. அந்த வருஷம்தான் வான்லி சின்னப் பையனா சிம்மாசனம் ஏறியிருந்தார். அவருக்கு என்ன ஆச்சு? 1620 வரைக்கும், 48 வருஷம் ஆண்டார். ஒரே நட்சத்திரம், ஒரு ராஜாவுக்கு ஒண்ணரை வருஷத்துல சாவு, இன்னொருத்தருக்கு அரை நூற்றாண்டு ஆட்சி. சார்லஸ் செத்தது காசநோயில.

1006லயும் இதே கதைதான். மனுஷன் எழுதி வச்ச வரலாறுலயே ரொம்ப பிரகாசமா தெரிஞ்ச நட்சத்திர வெடிப்பு அது. எகிப்துல அலி இப்னு ரித்வான்னு ஒரு வைத்தியர் அதை போர், பஞ்சத்தோட சேர்த்து எழுதினார், சீனாவுல வானத்தைக் கவனிக்கிற அரசு அதிகாரி சோ கேமிங், நாட்டுக்கு செழிப்பு வரும், ஜனங்க கொண்டாடட்டும்னு சக்கரவர்த்திகிட்ட சொன்னார். அவங்கவங்க மனசுல இருந்ததை அவங்கவங்க படிச்சுக்கிட்டாங்க.

இன்னொன்னு, நம்ம சபை சரித்திரத்துலயே இருக்கிறது. 1054 ஜூலை 16ல கார்டினல் ஹம்பர்ட், கான்ஸ்டான்டிநோபிள்ல ஹாகியா சோபியா பலிபீடத்து மேல சாபக் கடிதத்தை வச்சுட்டுப் போனார், கிழக்கு சபையும் மேற்கு சபையும் பிரிஞ்சதுக்கு இன்னிக்கும் அந்த நாளைத்தான் சொல்றோம். அதுக்கு 12 நாள் முன்னாடி, ஜூலை 4ல, சீனாக்காரங்க ரிஷப மண்டலத்துல விருந்தாளி நட்சத்திரத்தை, அதாவது புதுசா தோன்றி மறையிற நட்சத்திரத்தை, குறிச்சு வச்சாங்க, 23 நாள் பட்டப்பகல்ல தெரிஞ்சிருக்கு. அந்த வெடிப்போட மிச்சம்தான் நாம இன்னிக்கு டெலஸ்கோப்ல பாக்குற நண்டு நெபுலா. சபை ரெண்டாகிற அந்த வாரத்துலயே வானத்துல அப்படி ஒண்ணு எரிஞ்சுக்கிட்டு இருக்கு, ஐரோப்பாவுல அதைப் பத்தி சந்தேகம் இல்லாத ஒரு குறிப்பு கூட கிடைக்கல. சபைக்கு அடையாளம்னு அனுப்பினது சபைக்கே தெரியாம போகுமா? அதோட அந்த வெளிச்சம் 6,500 வருஷம் பயணம் பண்ணி வந்துச்சு, வெடிச்சப்போ ஆபிரகாம் கூட பிறக்கல. தேவனால அப்பவே திட்டம் போட முடியாதான்னு கேட்டா, தாராளமா முடியும். என் கேள்வி அந்தத் திட்டம் இதுதான்னு உங்களுக்கு யார் சொன்னாங்கங்கிறதுதான்.

எண்ணாகமம் 24:17ஐ தப்பா கோர்த்தா எங்க போய் முடியும்னு சரித்திரம் ஏற்கெனவே காட்டிடுச்சு. கி.பி. 132ல ரபி அகிவா அந்த வசனத்தை சீமோன்ங்கிற போர்த் தலைவன் மேல பொருத்தினார், பார் கோக்பா, நட்சத்திரத்தின் மகன்னு பேரு வந்துச்சு. ஜனங்க பின்னாடி போனாங்க. 135ல ரோம் அடக்கி முடிச்சப்போ 5,80,000 பேர் செத்தாங்கன்னு ரோம சரித்திர ஆசிரியர் காசியஸ் டியோ எழுதுறார், யூதேயாவே காலியாச்சு.

நான் கேக்குறது ரெண்டே விஷயம்.

அடுத்து ஒண்ணு வரப்போகுது. வடமகுட மண்டலத்துல டி கொரோனே போரியாலிஸ், சுமார் 3,000 ஒளியாண்டு தூரம். 1866ல வெடிச்சுது, 1946ல வெடிச்சுது, கிட்டத்தட்ட 80 வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு செத்த நட்சத்திரம் பக்கத்து நட்சத்திரத்தோட வாயுவை இழுத்து மேல சேர்த்துக்கிட்டே வந்து பத்த வைக்குது, ஆனா முழுசா அழியிறது இல்ல, திரும்ப சேர்க்க ஆரம்பிச்சிடும். 2024லயே வெடிக்கும்னாங்க, அந்த வருஷமும் சும்மா போச்சு. வெடிக்கிற அன்னிக்கு தயவுசெஞ்சு தம்ப்நெயில் போடாதீங்க. வாலிபர் கூட்டத்து பிள்ளைங்களை மொட்டை மாடிக்கு கூட்டிட்டுப் போங்க, சுவாதிக்கும் அபிஜித்துக்கும் நடுவுல, சுவாதி பக்கமா தேடச் சொல்லுங்க, சங்கீதம் 19ஐ வாசிங்க. பயந்து போய் கேக்குறவங்களுக்கு எரேமியா 10:2 இருக்கு, வானத்தின் அடையாளங்களாலே கலங்காதிருங்கள்னு. நாளும் நாழிகையும் பிதாவுக்கு மட்டும்தான் தெரியும்னு ஆண்டவரே சொல்லிட்டார்.

ரெண்டாவது, 2022னு சொன்னவங்க ஒரு ஞாயித்துக்கிழமை அதே மைக்ல, அதே சேனல்ல, நாங்க சொன்னது தப்புன்னு சொல்லுங்க. எங்க சபைப் பையன் மாதிரி எத்தனை பிள்ளைங்க இருக்காங்களோ, அவங்க வீட்டுக்கு நேர்ல போங்க, படிக்கணும்னா ஃபீஸுக்கு உதவுங்க. இந்த மடலுக்கு பதில் எழுதுறதா இருந்தா எனக்கு தனியா மெசேஜ் வேணாம், எல்லாரும் பாக்குற இடத்துலயே எழுதுங்க.

கர்த்தருக்குள் அன்புடன்,
ஒரு விசுவாசி