சின்னப் பிள்ளைகளை முதலில் மேடையேற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி ஆண்டு விழாக்கள் களைகட்டும் நேரம் இது. சேலத்தில் ஒரு பள்ளி விழாவில், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்கு மாம்பழக்காரி வேடம். மல்கோவா இன்னும் சந்தைக்கு வராததால் கூடையில் பிளாஸ்டிக் பழம். வீட்டுக்கு யாராவது வந்தாலே அம்மாவின் முந்தானைக்குள் ஒளிகிற பிள்ளை அவள். ஐந்து மணிக்கே பவுடர் பூசி, புடவை சுற்றி உட்கார வைத்துவிட்டார்கள். விருந்தினர்கள் பேசி, பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் எட்டாகிவிட்டது. பாதித் தூக்கத்தில் மேடையேறியவள், கூடையை இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

நல்லவேளை, வகுப்பாசிரியை அதட்டவில்லை. மேடைக்குக் கீழே அவள் கண்ணுக்கு நேராக வந்து நின்று, "பழம் என்ன விலைம்மா?" என்றார். "கிலோ நூறு ரூபா" என்று மெல்லப் பதில் வந்தது. மனப்பாடம் செய்த வசனம் அதுவல்ல. சரி, வாய் திறந்தாளே!

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத்திருவிழாவில் இப்போது தொடக்க வகுப்புப் பிள்ளைகளும் பங்கேற்கிறார்கள். நல்ல விஷயம். எந்தப் பள்ளியானாலும், சின்ன வகுப்புகளின் நிகழ்ச்சிகளை முதலில் வையுங்கள். உரைகள் அப்புறம் இருக்கட்டும். முந்தின நாளே அதே மேடையில், மைக்கைப் போட்டு ஒருமுறை ஒத்திகை பார்க்க விடுங்கள். பெற்றோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் முண்டியடிக்காமல் உட்கார்ந்தால், பிள்ளை தேடுகிற முகம் அதற்குத் தெரியும்.

ஒரு தாத்தா,
அம்மாபேட்டை, சேலம்.