புகார் கடிதம்: இல்லாத கிளட்ச் கேபிளை இறுக்கிய தங்கள் சேவை மையம் குறித்து

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், அல்சூர், பெங்களூரு
(வண்டிப் பதிவு எண்ணும் ஜாப் கார்டு நகல்களும் இணைப்பில்)

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்

பொருள்: 125 சிசி கியரில்லா ஸ்கூட்டர் – புறப்படும்போது கிளட்ச் உதறுதல் – வாரண்டியில் சரிசெய்து தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். அல்சூரில் இட்லி மாவு அரைத்து, இந்திராநகர், டொம்லூர் பக்கத்துக் கடைகளுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். அதற்காகவே தங்கள் நிறுவனத்தின் ஸ்கூட்டரை வாங்கினேன். வாரண்டி இன்னும் முடியவில்லை. வண்டி சூடேறிய பிறகு, சிக்னலில் நின்று மீண்டும் புறப்படும் ஒவ்வொரு முறையும், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்வரை வண்டி முழுவதும் உதறுகிறது. அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. கால்வைக்கும் இடத்தில் நான் வைக்கும் மாவு வாளியின் மூடி ஒவ்வொரு சிக்னலிலும் கடகடவென்று அடித்துக்கொள்கிறது. விளிம்பு வழியே கசிந்த மாவு ரப்பர் விரிப்பின் பள்ளங்களில் இறங்கிக் காய்ந்து கிடக்கிறது.

தங்கள் வண்டியைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இந்த வண்டியில் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. எஞ்சின் வேகம் கூடும்போது பின்பக்கத்தில் உள்ள கிளட்ச் ஷூக்கள் தாமாகவே வெளிப்புறமாக விரிந்து, தம்மைச் சுற்றியுள்ள டிரம்மைப் பிடித்துக்கொள்கின்றன; அப்படிப் பிடித்தால்தான் எஞ்சினின் விசை பின்சக்கரத்துக்குப் போகும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங்குகள் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அந்த ஷூக்களின் உராய்வுப் பரப்பு வெப்பத்தில் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிட்டாலோ, தூசி அடைத்துக்கொண்டாலோ, ஏதேனும் ஆயில் சீல் கசிந்து அதன்மேல் எண்ணெய் பட்டாலோ, பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கும். அந்த வழுக்கல்தான் உதறலாகத் தெரியும். இடதுபக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ஒரு மூடியைக் கழற்றச் சொல்லித்தான் இத்தனை காலமாக அலைகிறேன்.

மூடியைக் கழற்றாமல் தங்கள் சேவை மையத்தார் செய்தது என்னவென்றால், எஞ்சின் ஆயிலை மாற்றிவிட்டு அதற்குப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். கியர் உள்ள பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கும். அங்கே ஆயிலை மாற்றினால் ஏதோ பலன் இருக்கலாம். இந்த ஸ்கூட்டரின் கிளட்ச் காய்ந்த நிலையில் வேலை செய்வது, எஞ்சின் ஆயில் அதன் பக்கமே வரக்கூடாது. பின்சக்கரத்தருகே தனியாக ஊற்ற வேண்டிய கொஞ்சம் கியர் ஆயிலைப் பற்றியோ எந்த ஜாப் கார்டிலும் ஒரு வரி இல்லை.

தங்கள் அழைப்பு மையத்தில் பேசியவரைப் பற்றி இங்கேயே எழுதிவிடுகிறேன், ஏனெனில் அதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. நான் மேலே எழுதியதைப் பொறுமையாகச் சொல்லி முடித்ததும் அவர், "மேடம், நீங்கள் ஹாஃப் கிளட்சில் ஓட்டுகிறீர்கள், அதனால்தான் இந்தப் பிரச்சினை" என்றார். ஹாஃப் கிளட்ச் என்றால் கிளட்ச் லீவரைப் பாதி பிடித்தபடி ஓட்டுவது; லீவரே இல்லாத வண்டியில் அதை எப்படிப் பிடிப்பது என்று கேட்டேன். அதற்கு அவர், "வண்டி தெரிந்த ஆண்கள் வீட்டில் யாராவது இருந்தால் போனைக் கொடுங்கள்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். அழைப்புகள் பதிவு செய்யப்படுவதாகத் தங்கள் இயந்திரக் குரல் ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறது. அந்தப் பதிவைத் தாங்களே ஒருமுறை கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இதைவிடப் பெரிய கொடுமை அதன் பிறகு நடந்தது. சேவை மையத்திலிருந்து திரும்பிவந்த வண்டியின் ஜாப் கார்டில் "கிளட்ச் கேபிள் அட்ஜஸ்ட் செய்யப்பட்டது" என்று எழுதி முத்திரையும் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கேபிள் இந்த வண்டியில் எங்கே இருக்கிறது? இடதுகை லீவர் பிரேக். அதைப் பிடித்தால் பின்பிரேக்கோடு முன்பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். 125 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளில் இந்த இணைந்த பிரேக் அமைப்போ, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோ கட்டாயம் என்று 2019 ஏப்ரல் முதல் அரசு விதித்திருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பிரேக் கேபிளைக் கிளட்ச் என்று நினைத்து இறுக்கியதில் லீவரில் இருக்க வேண்டிய ப்ளே, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும்முன் லீவர் சும்மா நகரும் இடைவெளி, அறவே போய்விட்டது. பிரேக் எந்நேரமும் லேசாக உரசிக்கொண்டே இருக்க, வீடு வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக் டிரம் கைவைக்க முடியாத அளவு கொதித்தது. ஏற்கெனவே வழுக்கும் கிளட்ச் அந்த உரசலையும் சேர்த்து இழுக்க வேண்டியதாயிற்று. பிரேக்கையும் கிளட்சையும் பிரித்தறியாதவர்களிடம் என் உயிரை ஒப்படைத்திருக்கிறேன். இதை ஊடகங்களுக்கு அனுப்ப எனக்கு ஒரு நிமிடம் போதும். தங்கள் நிறுவனத்தின் மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருப்பதால் முதலில் தங்களுக்கு எழுதுகிறேன்.

பீன்யா பயணத்தைச் சொல்ல விட்டுவிட்டேன்; அது இதற்கெல்லாம் முன்னால் நடந்தது. கிளட்சைக் கழற்றும் கருவி தங்கள் பீன்யா மையத்தில் மட்டுமே இருப்பதாகச் சொல்லி அங்கே அனுப்பினார்கள். மேக்ரி சர்க்கிள், யஷ்வந்த்பூர் வழியாக, கொரகுண்டேபாளையத்தில் லாரிகளுக்கு நடுவே ஓர் அடி நகர்வதும் நிற்பதுமாகப் போய்ச் சேர்ந்தபோது இடதுபக்கத்திலிருந்து தீய்ந்த நாற்றம் வந்தது. அங்கிருந்தவர் கணினியில் என் முன்பதிவைப் பார்த்து உறுதிப்படுத்திவிட்டு, கருவி வேறு கிளைக்குப் போயிருக்கிறது என்றார். அதற்கும் "ஜெனரல் செக்கப்" என்று ஒரு பில். அன்று கடைகளுக்குப் போக வேண்டிய மாவு முழுவதும் புளித்துப்போயிற்று. நிரந்தரமாக வாங்கிய கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். பல வருட உழைப்பில் கட்டிய தொழில் ஒரு கிளட்சால் அடியோடு சரிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இழப்பைக் கணக்கிட்டால் வண்டியின் விலையையே தாண்டும்.

கிளட்ச் ஷூ தேய்மானப் பாகம், வாரண்டியில் வராது என்று தங்கள் மேற்பார்வையாளர் சொல்கிறார். கடைசிவரை தேய்ந்திருந்தால் அவர் பேச்சு நியாயம். ஆனால் திறந்தே பார்க்காமல் தேய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்தது? மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகியே வண்டியை நிறுத்திவைத்தால் ஷூ சூடேறிக் கெடும் என்பது எனக்கும் தெரியும், நான் அப்படி ஓட்டுவதில்லை. நின்று நின்று போகும் நெரிசலால் கெட்டது என்பீர்களானால், பெங்களூரில் விற்கும் வண்டி பெங்களூரில் ஓடத் தகுந்ததாக இருக்க வேண்டாமா? எங்கள் தெரு மெக்கானிக் திறந்து, ஷூக்களை உப்புத்தாளில் தேய்த்துத் தரத் தயாராக இருக்கிறார். அது தற்காலிகத் தீர்வுதான் என்பதையும் அவரே சொல்லிவிட்டார்; வெளியே திறந்தால் வாரண்டி போய்விடும் என்று தாங்கள்தான் பயமுறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே, தயவுசெய்து என் முன்னிலையில் இடதுபக்க மூடியைக் கழற்றி, ஷூ, டிரம், ஸ்பிரிங்குகள், ஆயில் சீல், பெல்ட் ஆகியவற்றைப் பார்த்து, கண்டதை எழுத்தில் தாருங்கள். பழுதான பாகங்களை வாரண்டியில் மாற்றுங்கள். பிரேக்கைச் சரியான ப்ளேயுடன் அமைத்துத் தாருங்கள். எஞ்சின் ஆயிலுக்கும் பீன்யா செக்கப்புக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். அழைப்பு மைய ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் எனக்குச் சமரசம் இல்லை.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இது நடக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடுப்பேன். நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. கிளட்ச் கேபிள் என்று எழுதிய அந்த ஜாப் கார்டின் அசலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தாங்கள் நல்ல முடிவெடுப்பீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன். தொலைபேசியில் பேசுவதானால் காலை பத்து மணிக்குமேல் அழைக்கவும். அதற்குமுன் மாவு கொண்டுபோகும் நேரம், தங்கள் வண்டியின் உதறலில் போன் மணி கேட்காது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்