வீட்டுப் பத்திரம் கேட்ட மகளுக்கு

மதுரை,
மார்கழி 3

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் இங்கு நலம். திருப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டும்.

மார்கழி பிறந்துவிட்டதால் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. நம் அச்சகத்தில் தினசரிக் காலண்டர் அட்டையில் கடைப் பெயர் அடிக்கும் வேலை மட்டும் இன்னும் சில நாள்களுக்கு இருக்கிறது. அன்று போனில் நீ கேட்டதற்குப் "பார்க்கலாம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு முழுப் பதில் எழுத இன்றுதான் பொழுது கிடைத்தது. ஜவுளிக் கடை ஒன்று நான்கு மாதங்களுக்குத் தொடர்ந்து துணிப்பை கேட்கிறது, உன்னிடமுள்ள ஐந்து தையல் மிஷின்களும் கையால் இழுக்கும் ஸ்கிரீன் அச்சு மேசையும் அதற்குப் போதாது, தானாக அச்சடிக்கும் மிஷின் வாங்க 15 லட்சம் வேண்டும், வங்கியில் பிணை கேட்கிறார்கள், ஆகவே நம் வீட்டுப் பத்திரத்தைத் தர முடியுமா என்றாய். முடியாது என்று சொல்ல இதை எழுதவில்லை. பத்திரம் பீரோவில்தான் இருக்கிறது. எங்களுக்குப் பிறகு அது உனக்குத்தான். ஆனால் 2017-இல் நான் செய்த ஒரு காரியம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அப்போது நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். கடன் பேச்சு உன் காதுக்குப் போகக் கூடாது என்று அம்மாவிடம் நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

உன் தாத்தா சிம்மக்கல் பக்கத்துச் சந்தில் காலால் மிதித்து ஓட்டும் ஒற்றை டிரெடில் மிஷினோடு அச்சகம் தொடங்கியவர். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். துதிக்கை போட்ட 'லை'யும் 'னை'யும், சுழித்த 'றா'வும் 'ணா'வும் ஒரே ஆணையில் பழசாகிவிட்டன. பக்கத்து அச்சகக்காரர்கள் அந்த எழுத்துகளை ஈயமாக எடைக்குப் போட்டபோதும் தாத்தா போடவில்லை. கல்யாணப் பத்திரிகையைப் பழைய எழுத்தில்தான் அடித்துத் தர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த பெரியவர்கள் ஊரில் இன்னும் இருந்தார்கள். அப்படிக் கேட்டு ஒருவரும் வராமல் ஒரு வருடம் முழுதாகக் கழிந்த பிறகே அவர் எடைக்குப் போட்டார். அவரை அந்த நாளில் நான் மந்தமானவர் என்று நினைத்தேன்.

நம் தொழிலுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஊருக்குள் எந்த மாற்றம் வந்தாலும் அது முதலில் நமக்கு வேலையைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் வேலையைப் பிடுங்கிக்கொண்டு போகும். கம்ப்யூட்டர் சென்டர்கள் வந்தபோது அவற்றின் திறப்பு விழா நோட்டீஸை நாம்தான் அடித்தோம். இரண்டு வருடத்தில் நம் ஈய எழுத்துப் பெட்டிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பிளெக்ஸ் போர்டு கடைக்காரர்களின் விசிட்டிங் கார்டு நம் மிஷினில்தான் ஓடியது. மதுரைச் சுவர்களில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நாம் அடித்துக் கொடுத்த போஸ்டர்களை அந்தப் போர்டுகள்தான் விழுங்கின. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று மட்டும் இன்றுவரை நம்மை விட்டுப் போகவில்லை. சாயங்காலம் சாவுச் செய்தி வந்தால் விடிவதற்குள் சுவரில் பசை காய்ந்திருக்க வேண்டும். இந்த அவசரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆள்தான் வேண்டியிருக்கிறது.

2007 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் வாட் வரி வந்ததும் இதே கதைதான். ஒவ்வொரு கடைக்கும் டின் நம்பர் என்று புது எண் கொடுத்தார்கள். பழைய பில் புத்தகங்கள் எல்லாம் வீணாயின. தைப் பொங்கலுக்குக்கூட மிஷினை நிறுத்த முடியவில்லை. சித்திரைக்குள் அந்த வெள்ளம் வடிந்துவிட்டது. அப்போது கையில் காசில்லாததால் நான் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. அதைப் புத்திசாலித்தனம் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டதுதான் என் தவறு என்று இப்போது தோன்றுகிறது.

2016 நவம்பர் 8 அன்று இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது கார்த்திகை முகூர்த்தப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக மேசைமேல் இருந்தன. எடுக்க வந்தவர்கள் எல்லோர் கையிலும் பழைய நோட்டுதான். அந்தப் பாக்கியெல்லாம் வசூலாவதற்குள் அடுத்த ஆனி வந்துவிட்டது. அந்த நெருக்கடியில் கிடந்த எனக்கு 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது தெய்வமே அனுப்பியதுபோல் இருந்தது. ஒவ்வொரு வியாபாரிக்கும் 33-இல் தொடங்கும் 15 இலக்க எண், சரக்கு வகையைக் காட்டும் ஹெச்.எஸ்.என். குறியீட்டுக்கு ஒரு கட்டம், மத்திய வரிக்கு ஒரு கட்டம், மாநில வரிக்கு ஒரு கட்டம் என்று பில்லின் முகமே மாறியது. கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடைகள், விளக்குத்தூண் ஜவுளிக் கடைகள், பாத்திரக் கடைகள் என்று எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நம் வரவு செலவு 20 லட்சத்தைத் தொடவே இல்லை, பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனாலும் வரி பில் இல்லாமல் வாங்கினால் தாங்கள் கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது என்று பெரிய கடைக்காரர்கள் சொன்னதால் நானும் பதிவு செய்துகொண்டேன். எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் வாங்கியவர் சண்டைக்கு வருவார் என்பதால், நம் கடையில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் மாமா ஒவ்வொரு புரூஃபையும் விரல் வைத்து இருமுறை படித்தார்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் ராத்திரி ஷிப்ட் ஓடியது. தாத்தா காலத்திலிருந்து இப்படி ஒரு வருமானத்தை அந்தச் சந்து பார்த்ததில்லை. அக்டோபரில் 6 லட்சம் கடன் வாங்கி, பழைய ஒற்றை நிற ஆஃப்செட் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினேன். ஐந்து வருடக் கடன், மாதத் தவணை 13,346 ரூபாய். மிஷினுக்குச் சந்தனம் வைத்துப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேனே, நினைவிருக்கிறதா? கடைக்கு எதிரே எலுமிச்சம்பழத்தை நசுக்கி உள்ளே உருட்டியபோது, இனி வருடா வருடம் இப்படித்தான் இருக்கும் என்றே நம்பினேன்.

டிசம்பரோடு பில் புத்தக வேலை ஓய்ந்தது. மறு வருடம் அதே கடைகள் வந்தன. ஆனால் 50 புத்தகம் கேட்டவர் 10 கேட்டார். வியாபாரம் மந்தம், அதனால் கையைச் சுருக்குகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் பாக்கி கேட்கப் போனபோதுதான் அவர் கல்லாவைப் பார்த்தேன். சின்ன மிஷின் ஒன்று ரசீதுச் சுருளைத் துப்பிக்கொண்டிருந்தது. வரிக் கணக்கைக் கையால் எழுதி மாளாது என்பதால் ஜி.எஸ்.டி.யே அவர்களைக் கம்ப்யூட்டர் பில்லுக்குத் தள்ளியிருக்கிறது. என் ஆர்டர் புத்தகத்தைத் தினமும் பார்த்த நான், ஆர்டர் கொடுத்தவரின் மேசையை ஒன்றரை வருடம் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

பிறகு 2020. மார்ச் 25 முதல் ஊரடங்கு. பங்குனி, சித்திரைக்கு அடித்து வைத்த பத்திரிகைகளில் பாதியை எடுக்க ஆள் வரவில்லை. 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற கல்யாணத்துக்கு 500 பத்திரிகை எதற்கு? சித்திரைத் திருவிழா நோட்டீஸும் மண்டகப்படி நோட்டீஸும் அடித்தே வருடத்தில் ஒரு மாதத்தை ஓட்டிவிடுவோம்; 2020, 2021 இரண்டு வருடமும் அழகர் வைகைக்கு வரவில்லை. ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று சலுகை தந்தார்கள். அதைத் தள்ளுபடி என்று தவறாக எண்ணியவர்களில் நானும் ஒருவன். வட்டி சுமார் 22,000 ரூபாய் அசலோடு ஏறி உட்கார்ந்துகொண்டது. 2021 ஆவணியில் மிஷினை 1,60,000 ரூபாய்க்குச் சிவகாசிக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். மீதிக் கடன் ஒரு லட்சத்துச் சொச்சத்துக்கு உன் அம்மாவின் வளையல்கள் நான்கும் போயின. "மஞ்சள் பத்திரிகை அடிக்கிறவர் மஞ்சள் கடுதாசி கொடுக்கிற நிலைக்கு வரவில்லையே, அதைச் சொல்லுங்கள்" என்று அவள் சிரித்தாள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

இப்போது கடை எதில் ஓடுகிறது என்று உனக்குத் தெரியும். ஆனால் அது எப்படி வந்தது என்று நீ கேட்டதில்லை. ஒரு காலத்தில் நாம் மொய் நோட்டு அச்சடித்து விற்றோம். உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் கம்ப்யூட்டரில் மொய் எழுதும் வழக்கம் வந்து, அந்த விற்பனையும் படுத்துவிட்டது. 2021 கடைசியில் ஒரு காதணி விழாவுக்குப் போயிருந்தபோது, மொய் எழுதும் மேசைக்கு அருகே பெரிய தகராறு. ஒரே ஊர், ஒரே தலைப்பெழுத்து, ஒரே பெயர் கொண்ட இருவரில் ஒருவருடைய மொய் மற்றவர் பெயரில் பதிவாகியிருந்தது. தட்டச்சு செய்த பையன் வெளியூர்க்காரன். என்ன செய்வான், பாவம். கூட வந்திருந்த கம்பாசிட்டர் மாமா எழுந்து போய், "மேலத்தெருவா, கீழத்தெருவா? வீட்டுப் பட்டப்பெயர் என்ன?" என்று கேட்டு, இரண்டு நிமிடத்தில் தீர்த்துவைத்தார். நாற்பது வருடமாக இந்த வட்டாரத்துப் பத்திரிகைகளைக் கோத்தவர். எந்த ஊரில் எந்த வகையறா, யாருக்கு யார் தாய்மாமன் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. மறு வாரம் ஒரு பழைய லேப்டாப்பும் ஒரு சின்ன ரசீது மிஷினும் வாங்கினேன். மொத்தச் செலவு 31,000 ரூபாய், கைக்காசு.

மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஊரும் பெயரும் கேட்டுச் சொல்கிறார். கடைப் பையன் தட்டுகிறான். மொய் வைத்தவருக்கு அங்கேயே ரசீது போகிறது. இரவு வீட்டாருக்கு ஊர் வாரியாக அடுக்கி, தைத்து, அட்டை போட்ட புத்தகமாகக் கொடுக்கிறோம். நாளை ஒரு பத்திரிகை வந்தால் அந்த ஊர்ப் பக்கத்தைப் புரட்டினால் போதும். பத்திரிகை நம்மிடம் அடித்தவர்கள் மொய்க்கும் நம்மையே கூப்பிடுகிறார்கள். வருமானம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வீட்டு மொய் திரும்பிப் போகிற வரைக்கும் அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறது, ஆகவே வேலையும் வருகிறது. இதற்கும் ஒரு நாள் செல்போனில் ஏதாவது வந்துவிடும் என்று நான் எண்ணாமல் இல்லை. அதனால்தான் இரண்டாவது லேப்டாப் இன்னும் வாங்கவில்லை. நல்ல முகூர்த்த நாளில் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைத் தடை வந்தபோது துணிப்பைக்கு அலைந்த கடைக்காரர்களில் எத்தனை பேர் அடுத்த வருடம் சத்தமில்லாமல் பழைய பைக்குத் திரும்பினார்கள் என்பதை நீயே பார்த்திருக்கிறாய். இந்த ஜவுளிக் கடை நான்கு மாதத்துக்குக் கேட்பது எதற்காக? பண்டிகை, சீசன் கூட்டத்துக்கா, புதிய கிளைத் திறப்புக்கா, அல்லது இனி எப்போதும் துணிப்பைதான் என்ற முடிவா? போனில் கேட்காதே. நேரில் போய், அவர்கள் கொள்முதல் அறையில் வேறு யாருடைய சாம்பிள் பைகள் கிடக்கின்றன என்று பார்த்துவிட்டு வா.

அச்சு வேலையை இப்போதைக்கு வெளியே ஜாப் ஒர்க்காகக் கொடு. திருப்பூரில் அதற்கா பஞ்சம்? பைக்கு இத்தனை பைசா என்று உன் லாபத்தில் குறையும்; அந்தத் தொகையை நான்கு மாதத்துக்கும் கூட்டி, 15 லட்சத்துக்கான நான்கு மாத வட்டிக்குப் பக்கத்தில் எழுதிப் பார். தையல் மிஷின் இரண்டு மூன்று கூடுதலாக வேண்டும் என்றால், முத்ரா கடன் திட்டத்தில் 10 லட்சம் வரை பிணையில்லாமல் தர வேண்டும் என்பதுதான் விதி. வேறு கிளையில் போய்க் கேள்.

பணம் வரும் நாளையும் எழுதி வாங்கிக்கொள். உன் சிறுதொழில் பதிவான உத்யம் எண் பில்லில் இருக்கட்டும். சிறு உற்பத்தியாளருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கெடுவைத் தாண்டினால், பணம் கொடுக்கும் வரை அந்தச் செலவை அவர்கள் தங்கள் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பெரிய கடைகளின் கணக்குப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். உனக்கும் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

நான்கு மாதம் முடிந்து, அதே கடை இரண்டாவது முறையாக ஆர்டர் கொடுத்தால் எனக்குப் போன் செய். பத்திரத்தை நானே பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வருகிறேன். அம்மாவுக்கும் இதில் சம்மதம்தான், கேட்டுவிட்டேன்.

மாப்பிள்ளையிடமும் இதைப் படிக்கக் கொடு. 2017-ஆம் வருடத்து ஆர்டர் புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறேன். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார். அதற்குப் பிறகு உள்ள பக்கங்கள் காலியாகக் கிடந்ததால் உன் அம்மா அவற்றில் பால் கணக்கு எழுதியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா