ஃபெட்ராவைத் திரையிடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

திரைப்படச் சங்கங்களில் படம் தேர்ந்தெடுக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். கிரேக்கத் துன்பியல் கதைகளை இந்தக் காலத்துக்கு இழுத்து வந்த படங்களைத் தேடிப் பிடித்துத் திரையிடுகிறீர்கள். நல்ல காரியம். எனக்கு மனத்தாங்கல் உங்கள் அறிவிப்புகளோடுதான். மூத்தாள் மகன்மேல் ஆசைப்பட்ட ஃபெட்ராவின் கதையிலிருந்து கிளைத்த படம் எதுவானாலும் 'தகாத காதல்', 'எல்லை மீறிய ஆசை' என்று ஒரே வரி, கூடவே ஒரு படுக்கையறை ஸ்டில். நாற்காலிகள் நிரம்ப வேண்டும், சரி. ஆனால் அந்த வரியை நம்பி வருகிறவர் கதையின் முதல் பாதியைத்தான் பார்க்கத் தயாராகி வருகிறார். இந்தக் கதையின் விஷமே இரண்டாம் பாதியில் இருக்கிறது. அங்கே கேள்வி ஆசையைப் பற்றியதல்ல. யார் சொல் எடுபடும் என்பதுதான்.

இந்தக் கதையை நாடகமாக்கிய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸிடமே போவோம். கி.மு. 428இல் ஏதென்ஸில் முதல் பரிசு பெற்ற 'ஹிப்பாலிடஸ்' நாடகத்தில் ஃபெட்ராவும் கணவனின் மகனான ஹிப்பாலிடஸும் நேருக்கு நேர் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை. தன்னை மதிக்காத ஹிப்பாலிடஸைப் பழிவாங்கக் காதல் தெய்வமான ஆஃப்ரோடைட்டி மூட்டிய ஆசை அது. நடுவில் மாட்டிக்கொண்டவள் ஃபெட்ரா. வாயைத் திறக்காமல், அன்னம் தண்ணீர் தொடாமல் கிடந்து செத்துப்போகப் பார்க்கிறாள். செவிலி நல்லது செய்வதாக நினைத்து, சத்தியம் வாங்கிக்கொண்டு, பையனிடம் விஷயத்தைப் போட்டு உடைக்கிறாள். அவன் கொதித்துப்போகிறான். ஃபெட்ரா தூக்கில் தொங்குகிறாள். அவள் கையில் கட்டியிருந்த எழுத்துப் பலகையில், 'உன் மகன் என்னைக் கெடுத்தான்' என்று கணவன் தீசியஸுக்கு ஒரு பொய். பிணத்தின் கையிலிருந்து எடுத்த எழுத்துக்கு அவன் மறுபேச்சே கேட்கவில்லை. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, உடனே சாபம். கடலிலிருந்து காளை எழுகிறது, குதிரைகள் மிரளுகின்றன, தேர் உடைந்து பையன் இழுபடுகிறான். உண்மையைச் சொல்லித் தப்பியிருக்கலாம். கொடுத்த சத்தியத்துக்காக வாயை மூடிக்கொண்டான். இதில் காதல் எங்கே இருக்கிறது?

ஜூல்ஸ் டாசின் 1962இல் எடுத்த 'ஃபெட்ரா'வில் காதல் இருக்கிறது, மறுக்கவில்லை. மெலினா மெர்கூரி கப்பல் முதலாளியின் மனைவி. ஆண்டனி பெர்கின்ஸ் அவருடைய முதல் தாரத்து மகன். பாரிஸில் மழையும் கணப்பு நெருப்பும் ஒன்றோடொன்று கலங்கித் தெரியும் அந்தக் காட்சிதான் உங்கள் போஸ்டர்களில் வருகிறது. படத்தில் எனக்கு மறக்காத இடம் வேறு. முதலாளியின் கப்பல் ஒன்று மூழ்கிவிடுகிறது. கப்பலின் பெயரும் ஃபெட்ராதான். அலுவலகம் முழுக்கக் கறுப்பு உடுத்திய பெண்கள், மாலுமிகளின் மனைவிகளும் தாய்களும். அந்தக் கறுப்புக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெள்ளை உடையில் மெர்கூரி உள்ளே போகிறாள், புருஷனிடம் தன் ஆசையைச் சொல்ல. ஊரே இழவு வீடாகக் கிடக்கும்போது இவளுக்கு இவள் கவலை. பணக்கார வீட்டு ரகசியத்தின் எடை எவ்வளவு என்று அந்த ஒரு நடை காட்டிவிடுகிறது. டாசின் பொய்க் கடிதத்தைத் தூக்கிவிட்டார், இவள் உண்மையையே சொல்கிறாள். அதனால் படம் கடைசியில் கொஞ்சம் இளகிப்போகிறது என்பது என் கணிப்பு. தேருக்குப் பதில் கார் மட்டும் கச்சிதம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது டென்மார்க்கின் 'குயின் ஆஃப் ஹார்ட்ஸ்' பற்றி. மே எல்-தூக்கி இயக்கி 2019இல் வந்தது. இதற்கும் உங்களில் ஒரு சங்கம் 'தடைகளைத் தாண்டிய காதல்' என்று போட்டிருந்தது. அது தப்பு, சுவை சம்பந்தப்பட்ட தப்புகூட இல்லை. ஆன் ஒரு வக்கீல். வன்முறைக்கு ஆளான சிறார்களுக்காக வாதாடுகிறவள். வீட்டுக்கு வந்து சேரும் குஸ்டாவ், கணவனின் மகன், பதின்வயதுப் பையன். நெருங்குவது அவள். பையன் அப்பாவிடம் சொல்லிவிடுகிறான். ஆனாக நடித்த ட்ரீன் டியூர்ஹோமின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள்: மறுக்கிறாள், அப்புறம் தன்மேல் இப்படிச் சந்தேகப்படலாமா என்று கணவன்மேலேயே பாய்கிறாள். எந்தச் சாட்சியை எப்படி உடைப்பது என்று தொழிலில் கற்றது முழுக்கத் தன் வீட்டுக்குள் செலவாகிறது. யூரிப்பிடீஸிடம் பொய் நம்பப்பட்டது, இங்கே உண்மை நம்பப்படவில்லை. இரண்டு கதையிலும் கடைசியில் பையன் சாகிறான். சிறுவர் மீதான அத்துமீறலைக் காதல் என்று அச்சடித்தால், படத்தில் அந்த அப்பா செய்ததையே நாமும் செய்கிறோம்.

இதையே பிரெஞ்சில் கேத்தரின் பிரேயா 2023இல் 'லாஸ்ட் சம்மர்' என்று எடுத்தார். அங்கே பையன் சாவதில்லை. எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி குடும்பம் நீடிக்கிறது. எனக்கு அது சாவைவிடக் குளிரெடுக்க வைத்தது. உங்களில் பலர் ஒப்பமாட்டீர்கள். அதைப் பேசுவதற்குத்தானே திரையிடலுக்குப் பிறகு கலந்துரையாடல்?

இன்னொன்று. சிற்றன்னை, மறுத்த மகன், பொய்ப் பழி, கேட்காத தகப்பன் என்ற இதே கதை நம்மிடமும் உண்டு. கிரேக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லவில்லை. பறந்துபோன புறாவைத் தேடிச் சிற்றன்னை சித்ராங்கியின் அரண்மனைக்குள் நுழைந்த சாரங்கதரன் கதை நாடக மேடையில் ஓடிய ஓட்டம் தெரியும். தியாகராஜ பாகவதர் 1936இல் நடித்தார், சிவாஜியும் பானுமதியும் 1958இல். இன்று பலருக்கு அந்தப் படத்தில் மிஞ்சியிருப்பது 'வசந்த முல்லை போலே' பாட்டு மட்டும். ராஜா விசாரிக்காமலேயே மகனின் கைகால்களை வெட்டச் சொன்னது யாருக்கு ஞாபகம்?

ஆகவே என் வேண்டுகோள்: அடுத்த முறை இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் காலை சாரங்கதரா, மாலை டாசின். இரண்டாம் நாள் டேனிஷ் படமும் பிரெஞ்சுப் படமும், அதே வரிசையில். அறிவிப்பில் அந்த ஸ்டில் வேண்டாம். மெர்கூரி கறுப்பு உடைப் பெண்களுக்கு நடுவே நடக்கும் ஸ்டில்லைத் தேடிப் போடுங்கள். 'வயது வந்தோருக்கு மட்டும்' என்பது இருக்கட்டும், 'காதல்' என்ற சொல்லை டேனிஷ் படத்துக்கு மட்டுமாவது எடுத்துவிடுங்கள். கூட்டம் குறைந்தால் முன்வரிசை நாற்காலிகளை நிரப்ப ஆள் கூட்டி வருவது என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் பின்வரிசைப் பார்வையாளர் ஒருவர்