உடுப்பைப் புரட்டி உள்பக்கம் பார், அம்மிணி

அன்பு அம்மிணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஷாங்காயில் ஹுவாய்ஹாய் சாலையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்ததாகவும், கடைப் பலகை எல்லாம் ஜப்பான், ஸ்பெயின், இத்தாலி, கனடா என்றே இருந்ததாகவும் எழுதியிருந்தாய். இந்த ஊருக்கென்று ஓர் உடுப்பு இருக்கிறதா என்று ஆபீசில் ரிப்போர்ட் கேட்டிருக்கிறார்களாம். பலகையை வைத்து எழுதினால் ரிப்போர்ட் தப்பாகிவிடும் கண்ணு. திருப்பூரில் பிறந்தவள் நீ. உடுப்பைப் புரட்டி உள்பக்கம் பார்த்து எழுது.

பலகை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குச் சில கணக்கு சொல்கிறேன். ஃபிலா என்ற பெயர் இத்தாலியில் பிறந்தது. ஆனால் சீனாவில் அந்த வியாபாரத்தை 2009இலேயே ஃபூஜியான் மாகாணம் ஜின்ஜியாங் ஊர்க்காரர்களான ஆன்டா வாங்கிவிட்டார்கள். அமெரிக்க கேப் 2010இல் சீனாவுக்கு வந்தது. 2023 தொடக்கத்தில் அதன் சீனக் கடைகள் ஷாங்காய் கம்பெனியான பாவ்ஜுனின் கைக்கு வந்துவிட்டன. அர்பன் ரிவைவோ என்று ஆங்கிலத்தில் பெயர் போட்டிருப்பது குவாங்ஜோ கம்பெனி. ஜேஎன்பிஒய் ஹாங்ஜோ. ஆக, நீ எண்ணிய வெளிநாட்டுக் கடைகளில் சிலவற்றின் முதலாளி உள்ளூர்க்காரர். அந்தப் பக்கத்தை ரிப்போர்ட்டில் தனி அட்டவணையாகப் போடு: பெயர் எந்த நாடு, முதலாளி எந்த நாடு, பேட்டர்ன் (துணியை வெட்டும் அளவு வரைபடம்) எங்கே போட்டது, துணி எங்கே நெய்தது. நான்கும் ஒரே நாடாக வரும் உடுப்பு குறைவாகத்தான் இருக்கும்.

அடுத்தது லேபிள். எந்த நாட்டு பிராண்டானாலும் சீனாவில் விற்கச் சீன மொழி லேபிள் கட்டாயம். அதில் எஸ், எம், எல் பக்கத்தில் 165/88ஏ என்கிற மாதிரி ஒன்று இருக்கும். 165 என்பது உயரம், 88 என்பது மார்புச் சுற்று, இரண்டும் சென்டிமீட்டரில். இது உடுப்பை மேசையில் போட்டு அளந்த அளவு இல்லை, போடுகிற ஆளின் உடம்பு அளவு. தைத்த உடுப்பின் அளவுகளை எழுதும் நம் ஸ்பெக் ஷீட் பழக்கத்தில் இதை உடுப்பளவு என்று எடுத்துக்கொண்டால் சாம்பிள் மொத்தமும் இறுக்கமாகிவிடும். கடைசி எழுத்து மார்புச் சுற்றுக்கும் இடுப்புச் சுற்றுக்கும் உள்ள வித்தியாசம். பெண்களுக்கு ஒய் என்றால் 19 முதல் 24, ஏ என்றால் 14 முதல் 18, பி 9 முதல் 13, சி 4 முதல் 8. ஆண்களுக்கு இதே எழுத்துகளுக்கு வேறு எண். ஏ என்றால் 12 முதல் 16. பேன்ட், பாவாடை என்றால் இரண்டாவது எண் இடுப்புச் சுற்று.

அதே லேபிளில் ஏ, பி, சி என்று இன்னொரு வகைப்பாடும் வரும், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அது பாதுகாப்புத் தரம். கைக்குழந்தை உடுப்பு ஏ, மேலில் நேரே படுகிறது பி, கோட் மாதிரி மேலில் படாதது சி. ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனத்தின் வரம்பு முறையே கிலோவுக்கு 20, 75, 300 மில்லிகிராம். சுருக்கம் விழாத ஃபினிஷ் கொடுத்த சட்டைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டும்.

வெளிநாட்டு பிராண்டுகள் சில தோற்றதற்கு ஒரு காரணம் இந்த எண்களுக்குள்ளேயே இருக்கிறது. ஐரோப்பிய பேட்டர்னைச் சின்ன அளவுக்கு இறக்கும்போது நீளத்தையும் சுற்றையும் குறைத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். தோள் அகலம், கைக்குழி ஆழம், கை நீளம், பேன்ட்டில் இடுப்பிலிருந்து கவட்டை வரை உள்ள உயரம், இந்த நான்கையும் தனித்தனியாகத் திருத்தாவிட்டால் உடுப்பு ஹேங்கரில் நன்றாக இருக்கும், ஆள் போட்டதும் தோள் முனை கையில் இறங்கி நிற்கும், முன்கழுத்து வாய் பிளக்கும். 2002இல் ஷாங்காயில் முதல் கடை போட்ட யூனிக்ளோ ஜப்பானிய உடம்புக்குப் போட்ட பேட்டர்னோடு வந்தது. அதற்கு அந்தச் சிக்கல் குறைவு, இன்று சீனாவில் அதற்குச் சுமார் 900 கடைகள். சாரா 2006இலும் எச் அண்ட் எம் 2007இலும் ஷாங்காயில் நுழைந்தன. ஃபாரெவர் 21, ஓல்ட் நேவி, பெர்ஷ்கா எல்லாம் வந்து திரும்பிவிட்டன.

வேகமும் ஒரு காரணம். டிசைனிலிருந்து கடைக்கு இரண்டு மூன்று வாரம் என்பது ஒரு காலத்தில் ஸ்பெயின்காரர்களான சாராவின் பெருமை. குவாங்ஜோவில் ஜோங்தா துணிச் சந்தையில் காலையில் துணி எடுத்து, பக்கத்துச் சந்துகளில் இருக்கும் சிறு தையல் பட்டறைகளில் 100 பீஸ் மட்டும் தைத்து, ஆன்லைனில் போட்டுப் பார்த்து, விற்றுப் போனால் மறுபடி 500 தைக்கிறார்கள். போகாவிட்டால் நட்டம் 100 பீஸோடு முடிந்தது. கப்பலில் வந்து கோடவுனில் உட்காரும் சரக்கு இதனோடு போட்டி போட முடியாது. ஆனால் இதிலும் வம்பு இருக்கிறது. ஆன்லைனில் வாங்கியதைக் காரணம் சொல்லாமல் 7 நாளுக்குள் திருப்பலாம் என்பது 2014 முதல் அங்கே சட்டம். பெண்கள் உடுப்பில் திரும்பி வருகிறது மலைபோல் குவிய, பலர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிறகு தைக்கிறார்கள். ஆர்டர் போட்டு மூன்று வாரம் காத்திருந்தேன் என்று உன் தோழி சொன்னாளே, விஷயம் இதுதான்.

2021ஐப் பற்றி ரிப்போர்ட்டில் எழுதாமல் இருக்க முடியாது. ஆனால் பார்த்து எழுது. சீனாவின் வடமேற்கில் பருத்தி விளையும் சின்ஜியாங்கில் கட்டாய உழைப்பு நடப்பதாக வரும் தகவல்கள் கவலை தருகின்றன, அங்கிருந்து பருத்தி எடுப்பதில்லை என்று எச் அண்ட் எம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, 2021 மார்ச் 24 அன்று சீன இணையத்தில் பரவியது. அந்தக் குற்றச்சாட்டைச் சீன அரசு மறுக்கிறது. சட்டென்று பெரிய ஆன்லைன் கடைகளிலிருந்து அந்தப் பெயரே காணாமல் போனது, வரைபடச் செயலிகளில்கூடக் கடை இடம் காட்டவில்லை. 2007இல் திறந்த ஹுவாய்ஹாய் சாலைக் கடை 2022 ஜூனில் மூடப்பட்டது. அதே மாதம் 21ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: சின்ஜியாங் தொடர்புள்ள சரக்கு கட்டாய உழைப்பில் ஆனது என்றே கருதப்படும், இல்லை என்று இறக்குமதி செய்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். அங்கே உள்ளூர் பிராண்டுகள் சின்ஜியாங் நீளஇழைப் பருத்தி என்று டேகில் பெருமையாக அச்சடிக்க, இங்கே நம்மிடம் அமெரிக்காவுக்கு வாங்குகிறவர்கள் நூல் பில்லில் தொடங்கி, பருத்தியிலிருந்து விதை பிரிக்கும் ஜின்னிங் பில் வரை தொடர்ச்சியாகக் கேட்கிறார்கள். ஒரு பருத்தி ஓர் ஊரில் அடையாளம், இன்னோர் ஊரில் தடை. உன் வேலையில் எந்த ஆர்டரைத் தொட்டாலும் நூல் எந்த ஊர் என்ற காகிதத்தை முதலில் வாங்கி வை.

இனி நீ கேட்ட உள்ளூர் அடையாளம். 2018 பிப்ரவரியில் நியூயார்க் ஃபேஷன் வாரத்தில் லீ நிங் நான்கு சீன எழுத்துகளை நெஞ்சில் பெரிதாகப் போட்டு மேடையேற்றியது. 1984 ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய ஜிம்னாஸ்டிக் வீரர் தன் பெயரிலேயே 1990இல் தொடங்கிய கம்பெனி அது. அதற்குப் பிறகு டிராகன், கொக்கு, சிவப்பு எழுத்து என்று எல்லோரும் பிரிண்ட் அடித்தார்கள். என் அபிப்பிராயத்தில் அது பாதி வழிதான். அதே ஐரோப்பிய டி-ஷர்ட் பேட்டர்ன், மேலே வேறு பிரிண்ட். பிரிண்டை உரித்துவிட்டால் எந்த ஊர் என்று தெரியாது. ஊரின் கை பேட்டர்னிலும் தறியிலும் தெரிய வேண்டும்.

அது தெரிகிற உடுப்பு அங்கேயே இருக்கிறது. மாமியான்சுன் என்கிறார்களே, குதிரைமுகப் பாவாடை, அதைக் கையில் எடுத்துப் பார். தைத்து மூடிய பாவாடை இல்லை அது. இரண்டு தனித் துணி, ஒரே இடுப்புப் பட்டியில், நடுவில் ஓரத்தின் மேல் ஓரம் ஏறும்படி தைத்திருக்கும். ஒவ்வொரு துணியின் இரு ஓரமும் கொசுவம் இல்லாமல் தட்டையாக இருக்கும், அதுதான் முகம். சுற்றிக் கட்டும்போது முன்னால் ஒரு முகம் இன்னொன்றின் மேல் ஏறும், பின்னாலும் அப்படியே. நான்கு முகத்தில் கண்ணுக்குப் படுவது இரண்டு. இரு பக்கமும் கொசுவங்கள் எதிரெதிராக வந்து சந்திக்கும். கீழ்ச்சுற்று பொதுவாக 4 மீட்டருக்கு மேல். அதனால்தான் நின்றால் கட்டம்போல நிற்கும், நடந்தால் விரியும், குதிரையேறவும் தடையில்லை.

நம் சேலையில் உடல், கரை, முந்தி என்று தறியிலேயே பிரித்து நெய்கிறோம் இல்லையா, நல்ல மாமியான்சுன் துணியும் அப்படித்தான். முழங்கால் உயரத்தில் ஒரு பட்டை, கீழ் ஓரத்தில் ஒரு பட்டை, முகத்துக்குப் பெரிய உரு, கொசுவத்துக்குச் சின்ன உரு என்று கணக்குப் போட்டு நெய்தது. மீட்டர் கணக்கில் ப்ரோகேட் வாங்கி வெட்டித் தைத்தால் முகத்தின் நடுவில் உரு பாதியாக வெட்டுப்படும். தரம் பார்க்க முதலில் அந்த இடத்தைப் பார். பிறகு பட்டி. பருத்தியாக இருந்தால் இடுப்பில் பிடிக்கும், பட்டு அல்லது சாட்டின் என்றால் பாவாடையின் எடையில் வழுக்கி இறங்கும். கொசுவம் நிற்கிறதா என்பது இழையைப் பொறுத்தது. பாலியஸ்டர் என்றால் சூட்டில் செட் ஆகி அப்படியே நிற்கும், பட்டும் பருத்தியும் ஒவ்வொரு முறையும் அயர்ன் கேட்கும். ஜரிகை இழை போட்டதை மெஷினில் துவைத்தால் உள்பக்கம் மிதக்கும் இழைகள் அறுந்து மீசை மாதிரி நீட்டிக்கொள்ளும். வலைப்பையில் போட்டாலும் தப்பாது.

ஷாண்டோங்கில் சாவ் என்றொரு மாவட்டம், முன்பு ஸ்டூடியோவுக்கும் மேடைக்கும் உடுப்பு தைத்துக்கொண்டிருந்தது. இன்று இந்தப் பாவாடைகளும் மற்ற ஹான்ஃபு (ஹான் சீனரின் மரபு உடை) உடுப்புகளும் அங்கிருந்துதான் லட்சக்கணக்கில் போகின்றன. 2022 ஜூலையில் பிரெஞ்சு ஆடம்பர பிராண்டான டியோர் 29,000 யுவான் விலையில் ஒரு பாவாடையைத் தன் சொந்தத் தோற்றம் என்று விற்றபோது, பாரிசில் சீன மாணவர்கள் கடை முன்னால் நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். அவர்கள் பேசியது பிரிண்டைப் பற்றி இல்லை. முகம் எங்கே, கொசுவம் எங்கே என்று பேட்டர்னைக் காட்டிப் பேசினார்கள். ஓர் ஊர் தன் உடுப்பைத் தெரிந்து வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்!

மேலுடுப்பில் ஒன்றை மறந்துவிடாதே. குறுக்குக் கழுத்து உடுப்பில் போடுகிறவரின் இடப்பக்கம் மேலே வந்து வலது அக்குளில் கட்ட வேண்டும். மாற்றிப் போடுவது இறந்தவர்களுக்கு. போட்டோ ஷூட்டில் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

சாங்லே சாலையில் சீப்பாவ் (உடம்பை ஒட்டி நிற்கும் சீனப் பெண்கள் உடுப்பு) தைக்கும் சின்னக் கடைகள் இருக்கின்றன, ஒருநாள் போய் நில். பழைய முறையில் தோள் தையலும், உடம்பு வளைவுக்காக மடித்துத் தைக்கும் டாட்டும் கிடையாது, துணியைத் தோளில் மடித்து ஒரே வெட்டு. உடம்பு வளைவை இஸ்திரியில் இழுத்தும் சுருக்கியும் கொண்டுவருவார்கள். துணிமுடிச்சுப் பொத்தானுக்கு, இழைக்குச் சாய்வாக வெட்டிய கிராஸ் பீஸ் பட்டைதான். நேர் இழையில் வெட்டினால் வளையாமல் முறுக்கிக்கொள்ளும்.

துணியில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஷியாங்யுன்ஷா. குவாங்டோங்கில் ஷுண்ட பக்கம் செய்வது. வள்ளிக்கிழங்கு இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக்கிழங்கின் துவர்ப்புச் சாற்றில் பட்டுத் துணியை முக்கிப் புல்தரையில் காயவைத்து, மறுபடி முக்கி, இப்படிப் பலமுறை. கடைசியில் ஆற்றுச் சேற்றை ஒரு பக்கம் மட்டும் பூசி ஆற்றிலேயே அலசுவார்கள். சேற்றில் இரும்பு இருக்கிறது. கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்து கலம்காரியில் கறுப்பு வருகிறதே, அதே வேலைதான். பூசிய பக்கம் பளபளக்கும் கறுப்பு, மறுபக்கம் தேநீர்ப் பழுப்பு. சேறு பூசுவது விடிவதற்குள் முடிய வேண்டும், வெயில் பட்டால் கறுப்பு திட்டுத்திட்டாக ஏறும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் வேலை. இரண்டு பக்கமும் ஒரே நிறம் என்றால் வாங்காதே. துவைக்கும்போது பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் நிழலில் தொங்கவிடு. மடித்து அழுத்தி வைத்தால் மடிப்பில் பூச்சு தேய்ந்து கோடு விழும், சுருட்டி வை.

அம்மாவுக்கு ஒரு மாமியான்சுன் வாங்கி வருவதாகச் சொன்னாயாம். இடுப்பு 86 சென்டிமீட்டர், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 94. கட்டும் நாடா இரண்டும் நீளமாக இருக்கட்டும், நம் ஊர் வெக்கைக்கு லைனிங் இல்லாததாகப் பார். பணம் கட்டுவதற்கு முன் பட்டியின் உள்பக்கத்தையும் முகத்தின் உருவையும் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா