தம்பிக்கு, அந்த ழகரப் படம் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அக்கா விஷயம் நாம் பேசினதற்கு மேல் நகரவில்லை. நீ அவளிடம் எதுவும் கேட்டுவிடாதே. சித்தப்பா மகன் ஜெர்மனிக்குக் கிளம்புகிறான், அவனிடம் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொடுத்து அனுப்புகிறோம். இந்தக் கடிதமும் அதோடு வரும். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் அம்மா பக்கத்தில் இருப்பாள். நீயும் இப்போதெல்லாம் அவசரமாகப் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், வீடியோவும் போடுவதில்லை.

நீ அனுப்பிய படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெர்லினில் க்ராய்ஸ்பெர்க் பகுதியில் மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தரையைப் பார்த்து இறங்கும் சிவப்பு நீல எழுத்துகள் இருக்கிறதே, அதை முதலில் பார்த்தபோது ஏதோ கம்பி வேலை என்று நினைத்தேன். பெர்லின் கிட்ஸ் என்கிற கூட்டம் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டே எழுதியது என்று நீ சொன்ன பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். பிரேசிலில் சாவோ பாவ்லோ பையன்கள் கட்டடம் கட்டடமாக ஏறிக் கறுப்பில் நெட்டு நெட்டாக எழுதுவதிலிருந்து வந்த பாணி என்றும் சொன்னாய். அந்த எழுத்தை என்னால் படிக்க முடியவில்லை. ஆனால் வேலை தெரிகிறது. மேல் மாடி எழுத்துக்கும் கீழ் மாடி எழுத்துக்கும் அகலம் மாறவே இல்லை. சுவரில் விளம்பரம் எழுதின நாங்கள் சாரம் கட்டி, நூல் அடித்துக் கோடு போட்டு, கீழே ஒருவன் நின்று "கொஞ்சம் இடது, கொஞ்சம் இடது" என்று கத்தித்தான் அந்த நேர் கிடைக்கும். தொங்குகிறவன் தன் எழுத்தைத் தானே பார்க்க முடியாது. அவனுக்கு எங்கிருந்து வந்தது அந்தக் கண்? எனக்கு எழுத்து வேலை பழக்கின நம் வாத்தியார் இருந்திருந்தால் எழுந்து நின்று பார்த்திருப்பார்.

அதே சமயம் அந்தக் கயிறு என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. படத்தில் கயிறே இல்லை, இருந்தாலும்.

அப்புறம் அந்தச் சுவர் நிறைய இருக்கிற விண்வெளி வீரர் படம். 2007-ல் விக்டர் ஆஷ் வரைந்தது. வெறும் கறுப்பு மட்டும் வைத்து ஒரு முழுச் சுவரை நிரப்பியிருக்கிறார். ஓரங்களில் பெயின்ட் வழிந்ததைத் துடைக்காமல் விட்டிருப்பதையும் பார்த்தேன். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு சொட்டு வழிந்தால் அன்றைய கூலியில் பிடிப்பார்கள். இங்கே அந்த வழிசல்தான் ஆள் மிதப்பதைக் காட்டுகிறது. துடைத்திருந்தால் ஒட்டின போஸ்டர் மாதிரி ஆகியிருக்கும்.

ஷட்டரிலும் தபால் பெட்டியிலும் கிறுக்கி வைத்திருப்பதை மட்டும் என்னால் முதலில் ரசிக்க முடியவில்லை. டேக், த்ரோ-அப், பீஸ் என்று நீ பிரித்துச் சொன்னாய், சரி. ஒரே மூச்சில் போடும் கையெழுத்து டேக். இரண்டு நிறத்தில் உப்பலாக, வேகமாக இழுப்பது த்ரோ-அப். நேரம் எடுத்துப் பல நிறத்தில் கட்டுவது பீஸ். நல்ல பீஸ் மேல் டேக் போடுகிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள் என்றும் சொன்னாய். இது எங்களிடமும் இருந்த ஒழுங்குதான். ஒருவன் வெள்ளையடித்து "இந்தச் சுவர் இன்ன கட்சிக்கு" என்று மூலையில் வருஷம் எழுதிவிட்டால் அடுத்தவன் தொடக்கூடாது. தொட்டால் சண்டைதான். இப்போது ஸ்ப்ரே கேன் பிடிக்கிற கையை யோசித்துப் பார்க்கிறேன். கை நின்றால் வழியும், ஓடினால் மெலியும். சுவருக்கும் கேனுக்கும் இடையில் உள்ள தூரம்தான் கோட்டின் தடிமன். தொடாமலேயே எழுத வேண்டும். பிரஷ் பிடித்தவனுக்கு அது பெரிய கஷ்டம், சுவர் எதிர்த்துத் தள்ளுவதை வைத்துத்தான் எங்கள் கை போகும்.

இனி அந்தக் கடைசிப் படம்.

ஏதோ ரயில் பாதை ஓரத்துச் சுவர், ராத்திரி ஃப்ளாஷ் போட்டு எடுத்தது. ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு ழ. காவிச் சிவப்பு, நீலக் கரை. "தெருவில் பார்த்தேன் அப்பா, தமிழ்!" என்று மட்டும் எழுதியிருந்தாய். அக்காவிடம் காட்டினேன், அவளும் சந்தோஷப்பட்டாள். அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

தம்பி, அந்த ழகரத்தின் கால் கீழே இறங்கி இடது பக்கம் திரும்பி, நுனியில் சாய்வாக வெட்டி நிற்கிறது. பட்டை பிரஷைச் சாய்த்துத் தூக்கினால்தான் அந்த வெட்டு வரும். கேனில் அது தானாக வராது. வேண்டுமென்று வரைந்தால்தான் வரும். நிழல் இடப்பக்கம் விழுந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் வலப்பக்கம்தான் நிழல் கொடுப்பார்கள். நம் வாத்தியார் மட்டும் இடப்பக்கம் கொடுப்பார், அவரிடமிருந்து எனக்கு வந்தது. மாடிச் சுவரில் கரித்துண்டு வைத்து நான் எழுதிக் காட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் யார் என்று உனக்குத் தெரியும்.

நான் எதுவும் கேட்கவில்லை. யார் எழுதினது என்று எனக்குத் தெரிய வேண்டாம். அந்தப் பையனை நீ எங்காவது பார்த்தால் ஒன்று சொல், எழுத்து நன்றாக இருக்கிறது. சுழி கொஞ்சம் இறுகிவிட்டது, உள்ளே இன்னும் வெற்றிடம் விட்டிருக்கலாம், தூரத்திலிருந்து பார்த்தால் அடைத்துக்கொள்ளும். ஆனால் கால் பிரமாதம். அவ்வளவு பெரிய ழகரத்தை நானே எழுதியதில்லை.

அந்தப் பையனிடம் இன்னொன்றும் சொல். பெர்லினில் எஸ்-பான் என்கிற நகர ரயிலுக்கு மேலே கம்பி கிடையாது. பாதை ஓரத்திலேயே மூன்றாவது தண்டவாளம் ஓடுகிறது, 750 வோல்ட். இருட்டில் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. கையில் கேன், முதுகில் பை, யாராவது வந்தால் ஓட வேண்டும். ரயில் ஓடாத நேரம் என்று நினைத்துக்கொண்டு இறங்குவார்கள். வண்டி இல்லாவிட்டாலும் கரண்டு இருக்கும் தம்பி. வண்டி இல்லாவிட்டாலும் இருக்கும்.

சட்டமும் விசாரித்தேன். பக்கத்துத் தெரு வக்கீலிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். முன்பெல்லாம் அங்கே சுவருக்குச் சேதம் வந்ததா என்று பார்ப்பார்களாம். 2005-ல் திருத்திவிட்டார்கள். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் ஒரு பொருளின் தோற்றத்தை அழியாதபடி மாற்றினாலே குற்றம். அபராதம் உண்டு, இரண்டு வருஷம் வரை சிறையும் உண்டு. சுத்தம் செய்யும் செலவைத் தனியாகக் கேட்பார்கள். படிக்கப் போன பையன்மேல் ஒரு வழக்கு இருந்தால், வீசா புதுப்பிக்கப் போகிற இடத்தில் அந்தக் காகிதம் முன்னால் வந்து நிற்கும். உனக்கு அடுத்த புதுப்பிப்பு எப்போது? அம்மாவிடம் ஏதோ மாதம் சொன்னாயாம், அவளுக்கு ஞாபகம் இல்லை.

ராத்திரியில் சுவர் முன்னால் நிற்பது என்னவென்று எனக்குத் தெரியாதது இல்லை. தேர்தல் வந்துவிட்டால் எங்களுக்குப் பகலே கிடையாது. பெட்ரோமாக்ஸ் லைட்டை ஒருவன் தூக்கிப் பிடிக்க, வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றின நீலம் வாளியில் ஆறுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். ஊரே தூங்கும். பிரஷ் சுவரில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். விடிந்தால் ஜனங்கள் நம் எழுத்தைப் படித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடப்பார்கள், எழுதினவன் அதே டீக்கடையில் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தச் சந்தோஷத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. 1959-லேயே இங்கே பொது இடத்தைக் கெடுக்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் எழுதினோம். தேர்தல் ஆணையம் கெடுபிடி செய்த பிறகுதான் குறைந்தது. மிச்சத்தை ஃப்ளெக்ஸ் முடித்துவைத்தது. பொன்வண்டு சோப்பு எழுதின கைகள் எல்லாம் வாட்ச்மேன் வேலைக்கும் கொரியர் வேலைக்கும் போயின. உனக்குத் தெரிந்ததுதான், அந்த வருஷம் உன் பள்ளிப் பணம் எப்படிக் கட்டினோம் என்பதும் உனக்குத் தெரியும். அவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்பியிருக்கிறோம் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள், அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன்.

போன வாரம் கண்ணகி நகர் போயிருந்தேன். உன்னிடம் பேச ஒரு விஷயம் வேண்டும் என்றுதான் போனேன். ஆற்றோரத்துக் குடிசைகளிலிருந்து ஜனங்களைக் கொண்டுபோய்ப் போட்ட இடம். எந்த ஊர் என்று கேட்டால் பெயரைச் சொல்லத் தயங்குவார்கள், வேலை கிடைக்காது என்று. 2020-ல் இருந்து அங்கே குடிசை மாற்று வாரியக் கட்டடங்களில் பெரிய பெரிய படங்கள் வரைந்திருக்கிறார்கள். ஏ-கில் என்கிற நம்மூர்ப் பையன் வரைந்த குழந்தை முகங்களுக்குக் கீழே ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். கன்னத்தில் வெளிச்சம் விழுகிற இடத்தில் வெள்ளையே இல்லை. மஞ்சளும் இளஞ்சிவப்பும் வைத்து வெள்ளைபோல் காட்டியிருக்கிறார். மாடியில் துணி காயப்போட்டிருந்தார்கள், ஒரு புடவை முகத்தின் நெற்றிமேல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவிடம் பேசினேன். படம் வந்தபிறகு பார்க்க ஆட்கள் வருகிறார்கள், ஆனால் தண்ணீர்ப் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது என்றார். அவர் சொன்னதையும் படத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இந்திரா நகர் ரயில் நிலையத்திலும் ஏ-கில் வரைந்த முகங்கள் இருக்கின்றன, எச்.ஐ.வி. உள்ளவர்கள், இல்லாதவர்கள் எல்லாரும் கலந்து. எந்த முகம் யாருடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் வரைந்திருக்கிறார்கள். இறங்கிப் போகிற ஜனம் ஒரு நிமிஷம் நிற்கிறது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அனுமதி வாங்கி, பகலில், பாரம் தாங்குகிற மேடைமேல் நின்றும் நல்ல வேலை செய்யலாம். அந்தப் பையன் ஒத்துக்கொள்ளமாட்டான். அனுமதி வாங்கினால் அது வேறு என்பான். ப்ளூ என்ற இத்தாலிக்காரர் கதையை நீதானே சொன்னாய். க்ராய்ஸ்பெர்க்கில் கூவ்ரி தெருவில் இரண்டு பெரிய சுவர், ஒன்றில் தங்கக் கடிகாரங்களே விலங்காகக் கையில் மாட்டியிருக்கும் ஆள். ஊரே வந்து படம் எடுத்தது. பக்கத்து நிலத்தை விற்கிறவர்களுக்கு அந்தப் படமே விளம்பரம் ஆனது. 2014 டிசம்பரில் அவர் சம்மதத்தோடு ஒரே ராத்திரியில் முழுக்கக் கறுப்பு அடித்துவிட்டார்கள். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் புரிந்தது. என் எழுத்துக்கு மேல் எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், சில சமயம் நானே அடித்திருக்கிறேன்.

சரி. நான் வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். மவர்பார்க் என்கிற பூங்காவில் பழைய பெர்லின் சுவரின் ஒரு துண்டு நிற்கிறதாம். அதில் யார் வேண்டுமானாலும் ஸ்ப்ரே அடிக்கலாம், போலீஸ் கேட்காது. மறுநாளே வேறொருவன் மேலே அடித்துவிடுவான், அது பரவாயில்லை. சுவர் நின்ற காலத்தில் மேற்குப் பக்கம் மட்டும்தான் வரைந்தார்கள். கிழக்குப் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது, கிட்டே போனால் சுடுவார்கள். 1990-ல் அந்தக் கிழக்கு முகத்தில்தான் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நூற்றுக்கும் அதிகமானவர்கள் வந்து வரைந்தார்கள். நீ முதல் மாதம் போய்ப் படம் அனுப்பினாயே, இரண்டு தலைவர்கள் முத்தம் கொடுப்பது, அந்த இடம். அப்படிப்பட்ட ஊரில் இருக்கிறாய். இருட்டில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டிய அவசியம் அந்தப் பையனுக்கு இல்லை.

பார்சலில் பருப்புப்பொடிக்கு அடியில் துணி சுற்றி என் இரண்டங்குலப் பட்டை பிரஷ் இருக்கிறது. மயிர் இன்னும் நன்றாக இருக்கிறது, கெரசினில் கழுவித்தான் அனுப்புகிறேன். அந்தச் சாய்வு வெட்டைக் கேனில் கஷ்டப்பட்டு வரைய வேண்டாம் என்று சொல். அம்மாவுக்குப் பிரஷ் விஷயம் தெரியாது. பகலில் ஒரு ழ எழுதிப் படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. சுழியை அகலமாக விடு. வீசா தேதியை அம்மாவிடம் சொல்லாதே, எனக்குச் சொல். பணம் குறைந்தால் அக்காவைக் கேட்காமல் என்னைக் கேள், வில்லிவாக்கம் பாக்கி வந்துவிட்டது.

அப்பா